பறவைப் புத்தகத்தின் ஓரத்தில் நின்றவர்

றுமானாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். “எழுதுங்க காக்கா. ஆனா என்னய ஒரு அழுமூஞ்சியா எழுதிப்போடாதீங்க” என்றாள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். அவள் அழுமூஞ்சி அல்ல. எங்கள் நூலகத்தில் அவள் நூலகர், நான் உதவியாளர். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். புத்தகத்தைப் பிந்திக் கொண்டுவரும் வாத்திமார்தான் அவள் முன்னால் அழாத குறையாக நின்றிருக்கிறார்கள்.

நூலகம் இருப்பது சாய்ந்தமருதில். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு றோட்டும் நாலைந்து தென்னைகளும்தான். உப்புக் காற்றில் புத்தகங்களுக்குக்கூட வேர்க்கும். பேய், ஆவி என்று கதைப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஜின் இருக்கிறது என்று ஈமான் கொண்டவன்தான் நானும். ஆனால் அதற்கு எங்கள் நூலகத்தில் என்ன வேலை? அங்கத்துவ அட்டைகூடக் கிடையாது.

றுமானாவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன், முஸ்தாக் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். கைராசிக்காரர். கெட்டுப்போன எஞ்சினின் மேல் காதை வைத்துக் கேட்டே நோய் சொல்வார். ஒருமுறை இடது காலில் எஞ்சின் சூடு பட்டுத் தழும்பாகி, அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காத வாப்பாவுக்கு நித்திரை வராது. மாப்பிள்ளையாக வருபவன் அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவான். முஸ்தாக்கின் மகள் றுஸ்தாவுக்கு அப்போது எட்டு வயது. தூண்கள் எழும்பி, கூரையில்லாமல் நின்றது வீடு. அந்த நேரத்தில்தான் அவுஸ்திரேலியாவுக்குப் படகு போகிறது, எஞ்சின் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அது. திருக்கோவிலுக்கு அங்கால ஒரு கரையிலிருந்து போனார்கள். கடைசியாகப் போனில் அவர் சொன்னது, “எஞ்சின் நல்லா இரிக்கி, நீ பயப்புடாத” என்பதுதான்.

அதன் பிறகு ஒன்றுமில்லை. மௌத்தாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. றுமானா ஏறாத ஒபிஸ் இல்லை, எழுதாத இடம் இல்லை. வீட்டை அவருடைய தம்பி முஹ்ஸின் கட்டி முடித்தார். றுமானா வேலைக்கு வந்தாள், போனாள். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘இருந்தார்’ என்று ஒருநாளும் சொல்லமாட்டாள், ‘இரிக்கார்’ என்றுதான் சொல்வாள். நாங்களும் அப்படியே பழகிக்கொண்டோம்.

போன வருடம் மெல்பேர்னில் குடியேறிய எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் ஒரு வேன் நிறையப் பெட்டி அனுப்பினார். எல்லாம் அவுஸ்திரேலியாவில் வெளியான புத்தகங்கள். செம்மறி வளர்ப்பு, காட்டுத்தீயில் வீடிழந்த ஒரு கிழவியின் வரலாறு, றெயில் பாதைகள், பிள்ளைகளுக்கான படக்கதைகள், கோதுமைச் சபையின் ஆண்டறிக்கைகள். சாய்ந்தமருதில் கோதுமைச் சபையின் ஆண்டறிக்கையை யார் வாசிப்பார் என்று நான் கேட்டேன். “வாசிக்கிறவங்க வாசிப்பாங்க. நாம நம்பர் போடுவம்” என்றாள் றுமானா.

புத்தகத்துக்கு நம்பர் போடுவது என்றால் சும்மா முதுகில் ஒட்டுவதல்ல. ஒவ்வொன்றையும் விரித்து, யார் எழுதியது, எங்கே அச்சானது, எதைப் பற்றியது என்று பார்த்து, அது எந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் இந்தப் பெட்டிகளைப் பிரித்த நாள் முதல் அவள் முதலில் திறந்தது கடைசிப் பக்கங்களைத்தான். அங்கே புத்தகத்தில் வரும் ஆட்களின் பெயர்கள் அகர வரிசையில் இருக்குமல்லவா, விரலை வைத்து அதில் இறங்குவாள். முஸ்தாக் என்று பார்ப்பாள். பிறகு அவருடைய வாப்பாவின் பெயரைப் பார்ப்பாள். அங்கத்தைய ஆட்கள் நம்முடைய பெயர்களை முன்னுக்குப் பின் மாற்றிப்போடுவார்களாம். செம்மறிப் புத்தகத்திலும் பார்த்தாள். கோதுமையிலும் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

“கோதும விதைக்கப் போகல்லியே புள்ள அவர்” என்றேன்.

“போற இடத்துல என்ன வேல கெடைக்குமோ யாருக்குத் தெரியும் காக்கா” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

ஒரு பெட்டியின் அடியில் தமிழில் அச்சடித்த மெல்லிய தாளொன்று கிடந்தது. படகில் வராதீர்கள், வந்தாலும் உங்களை இங்கே குடியேற விடமாட்டோம் என்று அந்த நாட்டு அரசாங்கம் எங்கள் கரைகளில் பரப்பிய எச்சரிக்கை. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கசக்கிவிட்டேன். அவள் வாங்கி நீவி, அதற்கும் ஒரு நம்பர் போட்டாள். “அவுஸ்திரேலியா வெளியிட்டதுதானே. அதுவும் சேரும்” என்றாள். அன்று பின்னேரம் அவளோடு நான் கதைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் சத்தம் தொடங்கியது. அசர் தொழுகை முடிந்து, வாசகர்கள் போய், நான் ஜன்னல்களைச் சாத்தும் நேரம். பின்பக்க அலுமாரிகளுக்கு நடுவில், பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம், றப்பர் செருப்பு சீமெந்தில் உரசும் சத்தம். ஒரு கால் பதியும், மற்றக் கால் இழுபடும். முதல் நாள் எலி என்றேன். மறுநாள் காற்று என்றேன். மூன்றாவது தடவை போய்ப் பார்த்தேன். யாருமில்லை, சத்தம் அடுத்த வரிசையில் கேட்டது.

“எலிதானே புள்ள?” என்று திரும்பி வந்து கேட்டேன். அவள் அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது.

“எலி செருப்புப் போடுமா காக்கா? அது அவர்ர நட.” அவள் முகத்தில் பயமே இல்லை. கலியாண வீட்டுக்குப் போகிறவள் முகம் மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு புத்தகத்துக்கு மட்டும் அவள் நம்பர் போடவில்லை. சதுப்புநிலப் பறவைகளைப் பற்றிய பெரிய படப்புத்தகம். அதில் ஒரு பக்கத்தில், ஆழமில்லாத தண்ணீரில் நெட்டைக் கால் பறவைகள் நிற்கின்றன. தூரத்தில், படத்தின் ஓரத்தில், ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு நெல்மணி அளவுதான் இருப்பார். இடது தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது, அல்லது சரிந்த மாதிரித் தெரிகிறது. அந்தப் புத்தகத்தை றுமானா தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

இதற்கிடையில் றுஸ்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. காவின் எழுத, அதாவது நிக்காஹ் நடக்க, பெண்ணின் வாப்பா வலியாக, பொறுப்பாளராக, நின்று பெண்ணைக் கொடுக்க வேண்டும். வாப்பா மௌத்து என்றால் சாச்சா முஹ்ஸின் நிற்கலாம். வாப்பா தூரத்தில் இருக்கிறார், கைக்கு எட்டவில்லை என்றால் எங்கள் மார்க்க நீதிபதியான காழியார் நின்று நடத்தி வைப்பார். இரண்டு வழியும் உண்டு. எதுவென்று றுமானாதான் காழியாரிடம் சொல்ல வேண்டும். அவள் தூரம் என்று சொல்வதாகவே இருந்தாள். முஹ்ஸின் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். “மௌத்து எண்டு என்ட வாயால செல்லமாட்டன்” என்று முடித்துவிட்டாள். சொன்னால் அந்தச் செருப்புச் சத்தமும் நின்றுபோகும் என்ற பயம் அவளுக்கு. அதை அவளே என்னிடம் சொன்னாள்.

அப்போது இன்னொரு கதை கிளம்பியது. பெட்டி கொண்டுவந்த வேன்காரன் போகும் வழியெல்லாம் கதை கட்டியிருக்கிறான் போல. படகில் போனவர்களின் பெயர்களையெல்லாம் அவுஸ்திரேலியா பெட்டி பெட்டியாகச் சாய்ந்தமருதுக்கு அனுப்பியிருக்கிறதாம், நூலகத்தில் ஒரு பிள்ளை ஒவ்வொன்றாகப் பதிகிறதாம். அக்கரைப்பற்றிலிருந்து வந்தார்கள், பாண்டிருப்பிலிருந்து வந்தார்கள். இது வெறும் புத்தகம் என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வினாயகபுரத்திலிருந்து வந்த செல்லத்தங்கம் மட்டும் போகவில்லை. மீன்பிடிக் குடும்பத்துப் பெண். மகன் மதுஷனும் முஸ்தாக்கின் படகில்தான் போயிருந்தான். பிளாஸ்ரிக் உறையில் போட்ட படமொன்றைக் கையில் பிடித்திருந்தார்.

“புத்தகமெண்டாலும் பரவாயில்ல தங்கச்சி. அந்த ஊர்ப் புத்தகம்தானே. ஒருக்காப் பாப்பம்” என்றார்.

றுமானா மறுக்கவில்லை. இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, காட்டுத்தீயையும் றெயிலையும் செம்மறிகளையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஆட்கள் நிற்கும் படம் வந்தால் செல்லத்தங்கம் மகனின் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி வந்தபோது, “இவ்வளவுதானா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். றுமானா லாச்சியைத் திறந்து பறவைப் புத்தகத்தை எடுத்தாள்.

அந்தப் பக்கம் வந்தது. செல்லத்தங்கம் விரலை வைத்தார். “இந்தா இரிக்கான். என்ட மகன்.”

றுமானாவின் கை தானாகப் போய்ப் படத்தை மூடியது. “இல்ல அக்கா. அது என்ட மாப்பிள.”

“அவன்ட தோள எனக்குத் தெரியாதா தங்கச்சி? பெத்தவள் நான்.”

எவனோ ஒரு வெள்ளைக்காரன், பறவை பார்க்க வந்தவன், இரண்டு பேரும் அவனை விடுங்கள் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. செல்லத்தங்கம் சத்தம் போட்டு அழவில்லை. “அவன்ட அப்பா போன வருசம் காரியம் செய்துபோட்டார். வேண்டாமெண்டு காலப் புடிச்சன், கேக்கல்ல. அண்டைக்கிருந்து அவன் கனவுலயும் வாறானில்ல. இப்ப இதுல கண்டிட்டன், அது போதும்” என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். றுமானா மெதுவாகக் கையை எடுத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை செல்லத்தங்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். நான் பயந்தபடியே ஆனது. மகனுக்குக் காரியம் செய்ததும் கனவு நின்ற கதையைக் கேட்டபின் றுமானா இன்னும் இறுகிப்போனாள்.

காழியாரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின பின்னேரம் றுஸ்தா நூலகத்துக்கு வந்தாள். நான் ஜன்னல் சாத்திக்கொண்டிருந்தேன். அலுமாரிப் பக்கம் செருப்புச் சத்தம் வந்தது. றுமானா மகளைப் பார்த்துச் சிரித்து, “கேக்குதா?” என்றாள்.

“கேக்கல்ல உம்மா” என்றாள் றுஸ்தா. “எனக்கு ஒருநாளும் கேட்டதில்ல.”

“வாப்பா வந்து போறார் மகள்.”

“வாப்பா ஹயாத்தோட இரிக்கார் எண்டா, இவ்வளவு வருசமா எனக்கு ஒரு கோல் எடுக்கல்ல. என்ட கலியாணத்துக்கும் வரல்ல. அப்பிடி ஒரு வாப்பாவ நான் எப்பிடி மன்னிக்கிற?” அவள் உம்மாவின் கையைப் பிடித்தாள். “வாப்பா மௌத்தாகி இரிக்கணும் உம்மா. அப்பதான் அவர் எங்கள விட்டுட்டுப் போகல்ல. அப்பதான் எனக்கு அவருக்காக அழ ஏலும். இவ்வளவு நாளும் நான் அழவேயில்ல.”

என் கையில் ஜன்னல் கொக்கி அப்படியே இருந்தது. தாயும் மகளும் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அழுமூஞ்சியாக எழுத வேண்டாம் என்று சொன்னாள்தான். ஆனாலும் அழுதாள், எழுதுகிறேன்.

மறுநாள் காழியார் முன்னால் றுமானா அந்தச் சொல்லைச் சொன்னாள். அவர் விசாரித்துத் தீர்ப்பெழுதினார். பள்ளிவாசலில் முஸ்தாக்குக்காக இறந்தவர்களுக்கான தொழுகையை, மறைவான ஜனாஸாவை, தொழுதோம். மையித்து இல்லாத வெறுந்தரைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். முஹ்ஸின் தேம்பித் தேம்பி அழுதார். காவின் நாளில் அவர் வலியாக நிற்க, றுமானா, புருஷன் மௌத்தானவள் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில், வெள்ளைப் புடவையோடு உள்ளறையில் இருந்தாள். மகளின் கலியாணத்தைக் கதவுக்குப் பின்னாலிருந்து காதால் கேட்டாள். கூரையேறிய அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறினான்.

அவள் இத்தா இருந்த மாதங்களில் நூலகத்தில் நான் தனியே. ஒவ்வொரு பின்னேரமும் ஜன்னல் சாத்தும்போது காதைக் கொடுத்து நின்றேன். அலைச் சத்தம் மட்டும்தான். சொன்னால் வெட்கம், ஒருநாள் எலியாவது ஓடாதா என்று இருந்தது. செல்லத்தங்கம் வந்து வந்து போனார். லாச்சிச் சாவி றுமானாவிடம், அவள் வெளியே வர ஏலாது, இன்ன மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இத்தா முடிந்து றுமானா வேலைக்கு வந்த அன்றே செல்லத்தங்கமும் வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

“அண்டைக்கு நான் சண்டைக்கு நிண்டிட்டன் தங்கச்சி. கோவிக்காதீங்க. அது உங்கட ஆளாவும் இரிக்கலாம்” என்றார்.

றுமானா லாச்சியைத் திறந்தாள். பறவைப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“எங்கட ஆள் மௌத்து அக்கா” என்றாள். “இது உங்கட மகன்.”

செல்லத்தங்கம் கதிரையில் உட்கார்ந்து பக்கத்தின் மேல் குனிந்தார். அவர் பார்த்து முடியும்வரை றுமானா பக்கத்திலேயே நின்றாள். பிறகு புத்தகத்துக்கு நம்பர் போட்டு, யாரையும் கேட்காமல் அவரே எடுக்கக்கூடிய இடமாகப் பார்த்து, வாசலுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தாள்.