ஈர விறகில் ஓடிய கப்பல்

ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். போர்ட் டிக்சனிலிருந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போகும் சின்னக் கப்பல் இன்னும் ஓடுகிறது. போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் இருந்தபோது எழுதியிருக்க முடியாது. ஏன் என்பது படித்தால் புரியும்.

அவர்கள் வந்த மூன்றாம் வருஷம், மாசி மாதம். பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அப்பா கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுபவர். சிங்கப்பூரில் பாதியில் நின்ற படிப்போடு நான் வீட்டில் இருந்தேன். செல்லம் அக்காவுக்கு நிறைமாதம். முதல் குழந்தையைத் தோட்டத்திலேயே பறிகொடுத்தவள். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் இல்லை, மருந்தும் இல்லை, தாய் பிழைத்ததே பெரிது. இந்த முறை போர்ட் ஸ்வெட்டன்ஹாமை அடுத்த கிள்ளானில் பெற்றாக வேண்டும். அத்தான் அங்கே இருந்தார், ஆஸ்பத்திரியும் இருந்தது. ரயிலில் இடம் கிடைக்காது. கப்பல் பத்து நாளுக்கு ஒன்று. இதை விட்டால் அடுத்தது பிரசவத்துக்கு முன் வருமா என்று சொல்ல முடியாது.

பெடாஸிலிருந்து லிங்கி வழியாக சி ரூசா வரை இருபத்தைந்து மைல், கரியில் ஓடும் லாரி. ஐந்து மணி நேரம். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இரவு நானும் அக்காவும் அப்பாவின் நண்பர் வீட்டில் தங்கினோம். அவரும் ஒரு தோட்டத்துக் கிராணி.

வழியில் மழை. என் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

அதுதான் தவறு. ஜப்பான்காரர்கள் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். தோக்கியோ நேரம். ஆபீஸில் அதைத்தான் வைக்க வேண்டும். ஆனால் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டும், வீட்டு அடுப்பும் பழைய மணியில்தான் நடந்தன. எங்கள் வீட்டிலும் நண்பர் வீட்டிலும் அப்படித்தான். தெரிந்தும் மறந்தேன்.

கப்பல் தோக்கியோ நேரம் ஒன்பது மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு மாட்டு வண்டியில் கிளம்பினோம். போர்ட் டிக்சன் துறைக்கு ஏழு மைல். என் கடிகாரத்தில் எட்டு நாற்பது. இருபது நிமிஷம் முன்னதாக வந்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. டிக்கெட் மேசையில் இருந்தவர் தன் கடிகாரத்தைக் காட்டினார்.

பத்துப் பத்து.

சூரியனைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பால் வெட்டுகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"டேய், படிச்சவனே," என்றாள் அக்கா. அவ்வளவுதான். வயிற்றின் மேல் கை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன்மா நிக்கிற? ஏறு, ஏறு!"

துறையின் கடைசியிலிருந்து குரல். கப்பல் அங்கேயே நின்றது. வெள்ளைப் புகை. கரி படிந்த மேனியோடு ஒருவர் கையை ஆட்டினார். பெயர் சின்னையா, கொதிகலனுக்கு விறகு போடுகிறவர், ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி, ஜப்பான்காரர்கள் அடித்த வாழைமர நோட்டில். வாங்கிக்கொண்டு ஓடினேன். அக்கா நடந்தாள். பலகையின் மறுமுனையில் செராங், கப்பலை ஓட்டும் மலாய்க்காரர், கை நீட்டினார். "பெலான், பெலான்லா." மெதுவாக, மெதுவாக. கோழிக் கூடைகளை நகர்த்தி நிழலில் அவளுக்கு இடம் செய்தார். அவருடைய இடது கன்னம் சிவந்திருந்தது.

பத்தரைக்குக் கப்பல் நகர்ந்தது.

கடலில் ஐம்பது மைல், ஒன்பதரை மணி நேரம். நிலக்கரி கிடையாது, ரப்பர் விறகுதான். மணிக்கொரு தரம் சின்னையா மேலே வந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் குடித்தார். மூன்றாம் முறை வந்தபோது கேட்டேன், கப்பல் ஏன் தாமதம் என்று.

"தோட்டத்து ஆளுங்க எப்பவும் ஒன்றரை மணி லேட்டு, தம்பி. ரெண்டு தடவ விட்டுட்டுப் போனோம். கரையில நின்னு அழுதாங்க. அப்புறம் செராங் சொல்லிட்டாரு, காலையில விறகுல தண்ணி ஊத்துன்னு."

"தண்ணியா?"

"ஈர விறகு எரியுமா? வெள்ளப் பொகதான் வரும். ஆவி ஏறல, என்னா செய்யன்னு ஜப்பான்காரன்கிட்ட சொல்லுவாரு. ஆள் வந்ததும் காஞ்ச விறக உள்ள தள்ளுவோம். இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும்ல. இருட்டுல ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு."

"அவர் கன்னம்..."

"ஜப்பான்காரன் அறை. இன்னைக்கு ஒண்ணுதான். போன தடவ மூணு."

"எங்களுக்காகவா?"

"நீ வருவேன்னு யாரு கண்டா? யாராச்சும் வருவாங்க." சிரித்தார். "நல்ல படிப்புப் படிச்ச போ. மணி பாக்கத் தெரியல."

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொண்டுவந்த அவித்த மரவள்ளியில் பாதியை இலையில் வைத்து, செராங்கிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் சுக்கான் சக்கரத்தை விடாமல் ஒரு கையால் தின்றார்.  

இரவு எட்டு மணி, அவர்கள் கணக்கில். கடலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்தான் துறையில் நின்றார். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். தோட்டத்தில் என்றால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் நர்ஸ்.

அடுத்த கப்பலில் திரும்பினேன். காய்ந்த பக்காவ் விறகு, நன்றாக எரியும் சதுப்புநில மரம், ஒரு கட்டு தோளில். சின்னையா வாங்கிப் பார்த்தார்.

"வேகமாப் போக இது போதும், தம்பி. நிக்கிறதுதான் கஷ்டம்."

செராங்கிடம் போனேன். அவர் முந்திக்கொண்டார். வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். பெண், என்றேன். "திரிமா காசி," நன்றி, என்றேன். அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

இப்போது எல்லாருக்கும் ஒரே மணி. கப்பல் காலை ஏழரைக்கு. சி ரூசாவில் தங்கினால் நாலு மணிக்கே வண்டி கட்டுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடம் நல்லது, புகை வராது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். முடிந்தால் ஒரு கட்டு காய்ந்த விறகும். கேட்கமாட்டார்கள், கொதிகலன் அறை வாசலில் வைத்துவிடுங்கள்.

போன மாதம் மறுபடி போனேன். ஏழரை ஆகிவிட்டது. பலகையை எடுக்கவில்லை. புகை வெள்ளையாக இருந்தது. செராங் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.