ஐந்தாவது ஸ்பிரிங்

சித்தி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, பச்சைமலைச் சாலையோரம் கார்க் கதவைத் திறந்துபோட்டுத் தலையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்த கோலம்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு சித்தப்பா, முகத்தில் அசடு வழிய. வாந்தியெடுத்து ஓய்ந்த சித்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேங்க. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நடந்தே வந்துக்கிறேன்." அக்கா வீடு மலைமேல்; கல்யாணம் அடுத்த மாதம்.

சித்தப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் வங்கி வேலை, மனசெல்லாம் அந்தப் பழைய கார். காற்று வந்தால் சித்திக்குக் குமட்டாது என்று அதன் கூரையையே வெட்டியெடுத்துத் துணி போட்டிருந்தார். ஊரில் வேறு எந்தப் புருஷனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது! கூரையை வெட்டிய பிறகுதான் வளைவுகளில் கார் தள்ளாட ஆரம்பித்தது. ஸ்பிரிங்தான் தொளதொளப்பு என்று முடிவுகட்டி, விறைப்பான ஸ்பிரிங் மாட்டினார். வண்டி இன்னும் மோசமாகக் குதித்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. மன்னார்புரம் பட்டறையில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. திறந்திருந்த கதவை மூடப் போனால், மூட முடியவில்லை. கூரை போனதில் வண்டியின் உடம்பே முறுக்கிக்கொண்டிருந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு ஸ்பிரிங். யார் சொல்லும் கேட்காத ஐந்தாவது ஸ்பிரிங்காக வண்டியே ஆடினால், மற்ற நாலும் என்னதான் செய்யும்?

"அடச்சே, அவளுக்காக வெட்டி அவளையே படுத்தியிருக்கேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவமாகவும் இருந்தது. பட்டறை மூலையில் கிடந்த கூரையைத் திரும்ப வைத்து வெல்டிங் செய்தார்கள். அடியில் குறுக்கே இரும்புக் குழாய்களும் போட்டு, பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையே மாட்டி, ஷாக் அப்சார்பரை மட்டும் புதிதாக்கினார்கள். இன்று நான் ஓட்டும் புதுக் காரில் இதையெல்லாம் யாரோ முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் பெரிதாகப் பாசம் இல்லை.

கல்யாணத்தன்று, "தலை சுத்துச்சுன்னா அங்கேயே இறங்கிடுவேன், பாத்துக்கங்க" என்று மிரட்டிவிட்டுத்தான் சித்தி ஏறினார். துறையூர் தாண்டியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துகொண்டார். பின்சீட்டில் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சித்தப்பா பயந்து பயந்து ஓரக்கண்ணால் பார்த்தார். கார் அலுங்காமல் திரும்பியது. கல்யாண வீட்டு வாசலில் வண்டி நின்றதும், மேளச் சத்தத்தில் சித்தி திடுக்கிட்டுக் கண்விழித்தார்.

"என்னங்க, இன்னும் மலை ஏறவே ஆரம்பிக்கலையா?"