ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோ

கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் அந்த ஓசூர் கம்பெனியில், தில்ஷாத்தின் தலைமுடியைப் பார்த்த ஆண்பிள்ளை ஒருவன் கிடையாது. புர்காவில் வருவாள். உடைமாற்றும் அறையில் அதை மடித்து வைத்துவிட்டு நீலக் கோட்டை மாட்டுவாள். தலையில் ஸ்கார்ப், அதன்மேல் கம்பெனித் தொப்பி. இந்த வேலைக்கு வர அம்மி என்று அவள் கூப்பிடும் அம்மா கமருன்னிசாவிடம் ஆறு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். அப்பா லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். வீட்டில் அம்மி வைத்ததுதான் சட்டம். அந்த அம்மி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பர்தாவுக்குக் குறை வந்தால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. தில்ஷாத்துக்கும் அதில் வருத்தமில்லை. யாருக்கும் பயந்து அவள் முக்காடு போடவில்லை. போடாமல் இருக்க அவளுக்கே பிடிக்காது.

2008 ஆயுத பூஜையன்று மிஷின்களை நிறுத்திப் பொரி கொடுத்தார்கள். உடைமாற்றும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பெண்கள் அடித்த கூத்து இருக்கிறதே, சொல்லி மாளாது. பெண்கள் மட்டும்தானே என்று தில்ஷாத்தும் ஸ்கார்பை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே விழுந்த முடியில் ஒரு கற்றையை உசிலம்பட்டிக்காரி ராஜலட்சுமி இழுத்து, தன் மூக்குக்கடியில் மீசையாக வைத்துக்கொண்டாள். தில்ஷாத் வயிறு வலிக்கச் சிரித்தாள். யாரோ ராஜலட்சுமியின் போனை வாங்கிக் கிளிக் செய்துவிட்டார்கள்.

“ஆர்குட்ல நம்ம லைன் பொண்ணுங்க குரூப்புல போடவாடி? அங்க இருக்குறது பூராம் பொம்பளைங்கதேன்” என்று கேட்டாள் ராஜலட்சுமி. பேஸ்புக் பரவுவதற்கு முன் எல்லோரும் போட்டோ போட்டது இன்டர்நெட்டில் ஆர்குட்டில்தான்.

“பொம்பளைங்க மட்டும்னா போடு” என்றாள் தில்ஷாத்.

இங்கேதான் இரண்டு புத்திசாலிகளும் கோட்டை விட்டார்கள். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. குரூப்புக்குள் ரோஜாப்பூப் படம் போட்டுக்கொண்டு ‘அனிதா’ என்ற பெயரில் வந்து உட்கார்ந்தது யாரென்று எவள் விசாரித்தாள்?

மூன்றாம் நாள் கேன்டீனில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஹரீஷ்குமார் இளித்துக்கொண்டு வந்தான். “உங்களுக்கு இவ்ளோ நீள முடின்னு நா நெனக்கவே இல்லைங்க.”

தில்ஷாத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். விஷயம் தெரிந்ததும் ராஜலட்சுமி நேரே ஸ்டோர்ஸுக்குப் போய் அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். “சும்மா விளையாட்டுக்குதாங்க அந்தப் பேர்ல சேந்தேன்” என்று முனகினான். விளையாட்டாம், பெரிய விளையாட்டு! மூஞ்சி செத்துப்போய், இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

“சாயங்காலமே அழிச்சுப்புடறேன். உங்க அம்மாகிட்ட மூச்சு விடாத” என்றாள் ராஜலட்சுமி. தில்ஷாத்துக்கு மனசு ஒப்பவில்லை. நாளைக்கு வேறு யாராவது போய்ச் சொன்னால், வேலையோடு சேர்ந்து அம்மி வைத்த நம்பிக்கையும் போய்விடும். வீட்டுக்குப் போனதும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

கமருன்னிசா திட்டவில்லை. புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, “எங்க இருக்குது அது? அழிக்கறதுக்கு முன்ன நா பாக்கணும்” என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ராஜலட்சுமியும் வந்து சேர்ந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு மூவரும் ஒரே கேபினில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போட்டோ மெல்ல மெல்லத் திறந்தது. கமருன்னிசா கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

தில்ஷாத்தால் தாங்க முடியவில்லை. “அம்மி, நா வேலைய விட்டுடறேன்” என்றாள்.

“நீ எதுக்கு விடணும்? பொம்பளப் பேர்ல வந்து எட்டிப் பாத்தவன் விட்டுட்டானா?” கமருன்னிசா புர்கா நுனியால் கண்ணைத் துடைத்தாள். “ஷிப்டு, தூக்கம், மறுபடி ஷிப்டு. நீ இப்பிடிச் சிரிச்சு நா பாத்து வருசமாவுது. எனக்கு ஒண்ணு காகிதத்துல எடுத்துக் குடுத்துட்டு அப்பறம் அழிங்க.”

பிரிண்டர் இருந்தது கடைக்காரர் ராமப்பன் மேஜையில். ராஜலட்சுமி அவரிடம் போனாள். “அண்ணே, பொம்பளைங்க போட்டோ ஒண்ணு பிரிண்ட் போடணும். செத்த நேரம் வெளிய நிக்கிறீகளா?”

ராமப்பன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு, பக்கத்துக் கேபினில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த ஆளையும் எழுப்பினார். “வாங்க சார், ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்” என்று கையோடு அழைத்துப் போனார். போகிற போக்கில் ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டார்.

காகிதம் சூடாக வெளியே வந்தது. கமருன்னிசா அதை நாலாக மடிக்க மனமில்லாமல் சுருட்டிப் புர்காவுக்குள் வைத்துக்கொண்டாள். ராஜலட்சுமி போட்டோவை அழித்துவிட்டு, “போயிருச்சும்மா. எல்லாம் என்னாலதேன்” என்று தலையைக் குனிந்தாள்.

“நீயும் எங்கூட்டுக்கு வா ஒரு நாள்” என்றாள் கமருன்னிசா. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு எந்த ஷிப்டு?”

“ஆறு மணி, அம்மி.”

“அஞ்சுக்கே எழுப்பறேன். தலைய நானே பின்னி விடறேன்.”