மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸை ஓட்டியவர்

போன வருஷம் எங்களை விட்டுப் போன என் மாமனாருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். இன்ஜின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. ரகசியம் சொல்கிறேன் என்று என் காதருகே குனிவார். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை. பணிமனையில் பஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டு, தம்பிகள் இருவரையும் ஆளாக்கினார். கல்யாணமான பிறகும் தம்பிகள் தனிக்குடித்தனம் போகவில்லை. மூன்று குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. "உள்ள இருக்கறவங்க இறங்குங்கப்பா, வெளிய கூட்டம் நிக்குது!" என்று அவர் கதவைத் தட்டினால், சோப்பு நுரையோடு ஓடிவந்தவர்கள் உண்டு.

எங்கள் கல்யாணத்தன்று காலை, எங்கள் வீட்டாரை மண்டபத்துக்கு அழைத்துப்போக வந்த பஸ் வாசலில் நின்றது. அதன் ஓட்டுநரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே சுருண்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. பெண் வீட்டுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தம்பியின் ஸ்கூட்டரிலிருந்து மாமனாரே வந்து இறங்கினார். புதுச்சட்டை அழுக்காகாமலிருக்க மேலே ஒரு பழைய துண்டு.

"மாமா, நீங்களா?"

"பின்ன? என் பொண்ணு அங்க ரெடியா உட்கார்ந்திருக்கா. ஏறுங்க மாப்பிள்ளை!"

கடைசியாக ஏறிய என் சித்தப்பா முன் இருக்கையில் உட்கார்ந்தார். அன்றுதான் வெளியூரிலிருந்து வந்திருந்தார். பெண்ணின் அப்பாவைப் பார்த்ததே இல்லை.

"என்னப்பா, ஊர்ந்துக்கிட்டே போறே? பொண்ணோட அப்பா கோவிச்சுக்கப் போறாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"உனக்குப் பழக்கமா? ஆளு எப்படி?"

"தங்கமான மனுஷங்க. என்ன, சாப்பாடுதான் கொஞ்சம் அதிகமா சாப்பிடுவாரு."

கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

மண்டபம் வந்ததும் குதித்து இறங்கி, துண்டைத் தம்பியிடம் வீசிவிட்டு, வாசலில் போய்க் கைகூப்பி நின்றார். "வாங்க, வாங்க! பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

சித்தப்பாவின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். திறந்த வாய் மூடவில்லை. அப்புறம், "சம்பந்தி!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பந்தியில் அவர் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. "இவருக்கு இன்னும் போடுங்க, அதிகமா சாப்பிடுவாராம்!" அதன்பிறகு ஊருக்கு வந்தால் சித்தப்பா தங்குவது சம்பந்தி வீட்டில்தான், எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்ப்பதோடு சரி.

வயதாகி, மாமனாருக்குப் பார்வை மங்கியது. யாரும் சொல்வதற்கு முன்னால் அவராகவே கார் சாவியை என் கையில் வைத்தார். "போதும். இனிமே நீங்க ஓட்டுங்க." வாய்தான் இப்படிச் சொன்னது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். "கண்ணாடியைப் பாருங்க! ஹார்ன் அடிங்க! அந்த லாரிக்காரன் தூங்கறான் போல!" ஒருநாள்கூட நான் ஓட்டுவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

அவருடைய கடைசிக் கோடையில் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போனோம். பேரப்பிள்ளைகளோடு அலையில் ஆடிவிட்டுத் திரும்பும்போது, வண்டியில் திடீரென்று பேச்சில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் தலையைச் சாய்த்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அப்பா வண்டியில தூங்கி நான் பார்த்ததே இல்லைங்க."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளம் வருகிற இடமெல்லாம் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஓட்டினேன்.