கவிழ்த்து வைத்த டம்ளர்

அத்தை கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்தும் அத்தை எதற்கும் விலை பேசுவாள். அந்த டம்ளரை மட்டும் யாரும் தொடக்கூடாது.

அத்தைக்கு ரத்தப் புற்றுநோய். சில வருடங்கள் ஒரே மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது. பிறகு வெள்ளையணுக்கள் மறுபடி ஏறின. நோய் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது, இனி அந்த மாத்திரைக்கு அடங்காது என்றார் பெங்களூர் டாக்டர். மாறிப்போன அணுக்களையே குறிவைக்கும் புது மாத்திரையை எழுதித் தந்தார். பழையதைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; இதை வெறும் வயிற்றில் போட்டு, பிறகும் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது. சரி சரியென்று தலையாட்டிவிட்டு வந்த அத்தை, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று இட்லி தின்றுவிட்டே போட்டாள். போதாததற்குக் கடை வழக்கம் வேறு. கல்யாணப் பாத்திரம் எடுப்பவர்களோடு கடைக்காரரும் உட்கார்ந்து டீ குடித்தால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். உணவோடு சேர்ந்த மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி, இசிஜியில் இதயத்துடிப்பு பிசகியது. இப்படியே போனால் இந்த மருந்தையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் கடையில் மாத்திரையை விழுங்கியதும் டம்ளரைக் கவிழ்த்தாள். “கேஜ் கீழ போயிடுச்சி. மேல வர்ற வரைக்கும் யாரும் என்னை டீ குடின்னு கூப்புடாதீங்க.” தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டைத்தான் சொன்னாள்; அந்த ஒரு மணி நேரம் முடிந்தால்தான் கேஜ் மேலே வரும், டம்ளர் நிமிரும். சுரங்கம் மூடி வருடங்களாகியும் எங்கள் ஊர்ப் பேச்சில் கேஜ் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வாரமே பூதிகோட்டையிலிருந்து ஓர் அம்மாள் மூத்த மகளின் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்தார். டீ வந்தது. அத்தை தொடவில்லை.

“இன்னாம்மா, நல்ல காரியத்துக்கு எடுக்கிறோம், ஒரு வாய் குடிக்கக்கூடாதா?”

“மாத்திரை போட்டிருக்கேன்மா. இதுவும் கேக்கலன்னா வேற மாத்திரைக்கு நான் எங்க போவேன்? கொஞ்ச நேரம் இருங்க, சேர்ந்தே குடிக்கலாம்.”

அந்த அம்மாள் முகம் சுருங்கி, எடுத்த அண்டா குடமெல்லாம் அப்படியே கிடக்க எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. “போனா போறாங்க, உயிரு இருந்தா நாளைக்கு வேற ஆளு வருவாங்க” என்ற அத்தை, அண்டாவைப் பரணில் ஏற்றச் சொன்னாள். டம்ளரை மட்டும் அவள் நிமிர்த்தவில்லை.

அத்தையின் கேஜ் கதை கடைத்தெரு முழுக்கப் பரவி, சுற்று ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நோயும் மெல்ல இறங்கியது. கடைசிப் பரிசோதனையில் நோயைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது என்றார் டாக்டர். போன வாரம் அந்தச் சேதியைச் சொல்லக் கடைக்கு ஓடினேன். டம்ளர் கவிழ்ந்திருந்தது. எதிரே அதே பூதிகோட்டை அம்மாள், இளைய மகளோடு. தேர்ந்தெடுத்த பாத்திரங்கள் தரையில் பரவிக் கிடந்தன.

டீ சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் டம்ளரைப் பார்த்துவிட்டுக் காலை மடித்து நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

“இருப்பா. கேஜ் இன்னும் மேல வரல.”