பெரியம்மா கொண்டுவந்த டிவி கேம்

காஜாங்கில் இருக்கும் பெரியப்பா மகனின் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய வீடியோ கேம் பெட்டிகள். அண்ணி அந்த அறையை மியூசியம் என்பார். துடைப்பத்தோடு உள்ளே நுழைய அவருக்கு அனுமதி இல்லை. அண்ணன் எல்லாவற்றையும் தலைமுறை வாரியாக அடுக்கி வைத்திருக்கிறான். மேல் தட்டில் முதல் தலைமுறை: இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி ஓடுவதைத் தவிர வேறெதுவும் காட்டத் தெரியாத பெட்டி. அதற்குக் கீழே கேசட் மாற்றி விளையாடும் இரண்டாவது. பிறகு மூன்றாவது, நான்காவது, வட்டு போட்டு விளையாடும் ஐந்தாவது என்று வம்சம் தரை வரைக்கும் இறங்கி வருகிறது.

எங்களுடையது மட்டும் எந்தத் தட்டிலும் இல்லை. சன்னலோரம் ஒரு ஸ்டூலில் தனியாக இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது இப்போது வயதானவர்களின் பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"இத ஏன் மூணாவதுல வைக்கல?" என்று கேட்டேன்.

"அதான் பிரச்சன லா. உள்ள இருக்கிறது மூணாவது. ஆனா ஒரிஜினல் இல்ல, ஜப்பான்காரன் மெஷினைப் பாத்து செஞ்ச காப்பி. நம்ம வீட்டுக்கு வந்தப்போ வெளிநாட்டுல நாலாவதே வந்துடுச்சு. பழைய கேம் சேக்கிறவங்க குரூப்ல கேட்டேன், ஆளுக்கு ஒன்னு சொல்றானுங்க." ஐம்பதை நெருங்கும் மனிதன், மகளுக்கு வரன் பார்க்கும் கவலையோடு சொன்னான்.

நான் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தேன். அது எந்தத் தலைமுறை என்று எனக்குத் தெரியாது. அது யாருடைய கையில் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்பது மட்டும் தெரியும்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ரயில்வே பட்டறையில் வேலை. எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் பெரியப்பா வீட்டுப் பின்கதவு. அண்ணன் பரீட்சையில் நல்ல தேர்ச்சி பெற்றதற்காகப் பெரியப்பா சௌகிட் கடைத்தெருவில் அந்த டிவி கேமை வாங்கி வந்தார். சந்து முழுக்க அதே பேச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. பெரியப்பா வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி.

எங்களுக்குப் பிடித்த ஆட்டத்தில் இரண்டு டாங்கிகள் வரும். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. இருவரும் சேர்ந்து எதிரி டாங்கிகளைச் சுட வேண்டும். கறுப்பு வெள்ளையில் மஞ்சளும் சாம்பல், பச்சையும் சாம்பல். எது நான், எது அண்ணன் என்று தெரியாமல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டிலோ அப்பா அதற்கு முந்தைய தீபாவளிக்கு வாங்கிய கலர் டிவி இருந்தது. ஆக, தம்பி வீட்டுப் பெருமையும் அண்ணன் வீட்டுப் பெருமையும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் விளையாட்டு என்றாகிவிட்டது. சாயங்காலமானால் அண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தைத் தாண்டி வருவான். நான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன்.

அப்புறம் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெரியப்பா சரி என்றார், அப்பா வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அப்பாவுக்கு ஏதோ தெரிந்திருந்தது. அது என்னவென்று எங்களை வெளியே விரட்டிவிட்டுத்தான் பேசினார்கள். சத்தம் மட்டும் சந்துக்குக் கேட்டது. கடைசியில் பெரியப்பா, "இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிச்சா என்னைய கேளு" என்று சொல்லிவிட்டுப் பின்கதவை அறைந்து சாத்தினார். மறுநாள் அந்தக் கதவுக்குப் பூட்டு வந்தது.

பள்ளி விடுமுறை ஆரம்பமாகியிருந்தது. பின்வாசலில் உட்கார்ந்தால் பெரியப்பா வீட்டிலிருந்து அந்த ஆட்டத்தின் இசை கேட்கும். அண்ணன் சாம்பல் நிறத்தில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பேன். தோற்ற இசை வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அம்மா அடிக்கடி பின்வாசலுக்கு வந்து, ஏற்கெனவே காய்ந்த துணியையே காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போவார். எதிர்க்கதவைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

ஒரு மத்தியானம் அந்தப் பூட்டு திறந்தது. பெரியம்மா இடுப்பில் பெரிய பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு சந்தைத் தாண்டி வந்தார். பேசின் நிறையத் துணி. பின்னால் அண்ணன், கையில் ஒன்றுமில்லாமல், ஏதோ திருடியவன்போல முழித்துக்கொண்டு வந்தான். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம். பெரியம்மா கூடத்தில் பேசினை இறக்கி, மேலே இருந்த பெரியப்பாவின் கைலியை விலக்கினார். அடியில் டிவி கேம்.

"டிவிய போடு பாப்பா. பிள்ளைங்க என்னா தப்பு செஞ்சுச்சு, பாவம்."

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வாங்கக்கா" என்றார். அவ்வளவுதான். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

அதன் பிறகு மத்தியானங்கள் எங்களுடையவை ஆயின. மஞ்சள் மஞ்சளாக இருந்தது, பச்சை பச்சையாக இருந்தது. உலகத்திலேயே நல்லவர் பெரியம்மாதான் என்று நான் முடிவு செய்தேன். எங்கள் விளையாட்டுக்காகப் புருஷனுக்கே பயப்படாமல் வருகிறாரே!

ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். உள்ளே அம்மாவின் குரல்: "போடி, உனக்கு எப்பவும் இதே பொழப்பு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லார் முன்னாலும் 'அக்கா, அக்கா' என்று மரியாதையாகப் பேசும் அம்மா, பெரியம்மாவைப் போடி என்கிறார். ஆண்கள் சண்டை போட்டது போதாதென்று இவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள், இனி டிவி கேம் வரவே வராது என்று பயந்து கதவோரம் நின்றேன். அடுத்து, "நீ மட்டும் என்னாடி" என்று பெரியம்மாவின் குரல். பிறகு இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் வெளியே வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. அம்மா பலகையில் உட்கார்ந்திருக்க, பெரியம்மா பின்னால் இருந்து அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்து அம்மாவும் பெரியம்மாவுமாக மாறிவிட்டார்கள். இருவரும் கிள்ளான் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதும், தன் கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது பெரியம்மாதான் பிடிவாதமாக அம்மா பெயரைச் சொன்னார் என்பதும் நான் பெரியவளான பிறகு கேள்விப்பட்டவை.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். சூடாக இருந்தால் நான் படிக்கவில்லை என்று அர்த்தம். அதனால் பெரியம்மா கிளம்பியதும் அம்மா முறத்தை எடுத்து டிவிக்கு விசிறுவார். காய்ச்சல்காரருக்கு விசிறுகிற மாதிரி அக்கறையாக விசிறுவார்.

ஆனால் ஒருநாள் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் சைக்கிள் சத்தம்கூடக் கேட்கவில்லை. நானும் அண்ணனும் திரும்பிப் பார்த்தபோது நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் டாங்கிகள் இரண்டும் சுடப்பட்டு ஆட்டம் முடிந்தது. தோற்ற இசை வீடு முழுக்க ஒலித்தது. சமையலறையில் பேச்சு சட்டென்று நின்றது.

அப்பா காலணியைக் கழற்றினார். அண்ணனைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினான். நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுல நீ எது?"

"பச்ச, சித்தப்பா."

"ம். விளையாடு."

பெரியம்மா வெளியே வந்து, "பிள்ளைங்க கேட்டுச்சுங்க, அதான் தம்பி..." என்று இழுத்தார். "விளையாடட்டும் அண்ணி" என்றார் அப்பா. அதோடு எழுந்து குளிக்கப் போய்விட்டார். பெரியப்பாவிடம் சொல்லவும் இல்லை. மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, "இன்னிக்கு வர சாயங்காலம் ஆயிடும்" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லத் தொடங்கினார். அப்பாவுக்கு வேலை அதிகம் என்று நான் வருத்தப்பட்டேன்.

அப்பாவும் பெரியப்பாவும் பிறகு பேசினார்கள். யாரும் சமாதானம் செய்து வைக்கவில்லை. அந்தச் சம்பந்தம் தானாகவே நின்றுபோனது. அத்தைக்கு வேறு மாப்பிள்ளை அமைந்து, கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரு மேசையை நகர்த்த இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். "மெல்ல" என்றார் பெரியப்பா. "சரிண்ணே" என்றார் அப்பா. குவார்ட்டர்ஸை இடித்தபோது நாங்கள் கிள்ளானுக்கும் அவர்கள் காஜாங்குக்கும் போனோம். இப்போது அந்தப் பெரியவர்கள் நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

எனக்கு அந்த மேசையைவிட அதற்கு முந்தைய ஒரு மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முதல் நாள் டிவி கேமின் அடாப்டர் புகைந்து, கருகிய வாடை அடித்து, செத்துப்போயிருந்தது. புதிதாக வாங்கப் பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். இனி அவ்வளவுதான் என்று அழுதுவிட்டுத் தூங்கியிருந்தேன். மறுநாள் அதே நேரத்துக்குப் பூட்டு திறந்தது. இடுப்பில் பேசின், மேலே துணி. அண்ணனைக்கூடக் காணோம். பெரியம்மா தனியாக வந்து கூடத்தில் பேசினை இறக்கினார். துணிக்கு அடியில் அதே பெட்டி.

"பெரியம்மா, அடாப்டர் கருகிப்போச்சே. கரண்ட் இல்லாம எப்படி ஓடும்?"

"அப்படியா?"

"ஆமா பெரியம்மா. இது சும்மா பெட்டிதான். இத ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"இருக்கட்டும் பாப்பா. டிவி முன்னால வை" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார்.

பெரியம்மாவுக்கு மெஷின் விவரம் ஒன்றும் தெரியவில்லை, பாவம் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்ததும் சுவர் பிளக்கிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே வெகுநேரம் காத்திருந்தேன்.