எல்லாப் பல்லும் வலிக்கிறவர்கள்

பல் அக்காவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. பதினொரு வருடமாகப் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறார். அந்த ஓட்டையை மட்டும் டாக்டரிடம் காட்டியதே இல்லை. கேட்டால், "பயமா இருக்காதா?" என்பார்.

அவர் உட்காருவது இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் சனிக்கிழமை நாலு மணிக்கு ஓர் அறை திறக்கும். பையனைப் பிடிக்கிற பையன்கள், பெண்ணைப் பிடிக்கிற பெண்கள், ஆண் பெண் என்று அடுத்தவர்கள் குறித்தது பொருந்தாதவர்கள், எல்லாம் எங்கள் வயசுதான், அங்கே வந்து பேசலாம். யாராவது வம்புக்கு வருவார்கள் என்று கதவில் போர்டு வைக்கவில்லை. அதனால் வருகிறவர்கள் படியில் திணறி, அக்காவைப் பார்த்ததும் "பல்லு வலி" என்று புளுகிவிடுவார்கள்.

நெட்டை என் வகுப்புக்காரி. அவளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும். நானோ பென்சில் பெட்டியில் தவளை வைக்கத் தெரிந்தவன், ஆறுதல் சொல்லத் தெரியாதவன். விவரம் தெரிந்த யாரிடமாவது அவள் பேசியே ஆக வேண்டும். இரண்டு சனிக்கிழமை வாசலோடு ஓடிப்போனாள். மூன்றாம் முறை அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். பையில்லாமல் எங்கே ஓடுவாள்?

"என்னம்மா?" என்றார் அக்கா.

"பல்லுக்கா."

"எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லும்."

அக்கா பேனாவை வைத்தார். "பல்லு வலிச்சா கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நீ படிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வர்ற. மேல போ, பச்சைக் கதவு."

"சிரிப்பாங்களாக்கா?"

"சிரிப்பாங்க. உன்னப் பாத்து இல்ல. அங்க எப்பவும் அப்படித்தான். சத்தம் தாங்கலன்னு எங்க டாக்டரே புலம்புறார்."

போனாள். நான் சும்மா இருப்பேனா? டோக்கன் சீட்டின் பின்னால் 'எல்லாப் பல்லும் வலித்தால் மேலே, பச்சைக் கதவு' என்று எழுதி, மாடிப்படித் திருப்பத்தில் ஒட்டினேன். கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு நேரே மேலே ஏறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூரை அதிரச் சிரிப்பு. அதில் விக்கலோடு முடிந்தது நெட்டையுடையது. எத்தனை மாசமாச்சு அதைக் கேட்டு.

ஆறு மணிக்கு நெட்டையும் பெரியவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

"நல்ல பிள்ளைங்கம்மா," என்றார் பெரியவர். "ஆனா பல்லு இன்னும் வலிக்குது."

அக்கா ஓட்டை தெரியச் சிரித்தார். நெட்டை என் தோளிலிருந்து பையை உருவினாள். "அடுத்த வாரம் நீ வர வேணாம்டா. எனக்கே வழி தெரியும்."

"போடி," என்றேன். வேறென்ன சொல்வது? பை என்னமோ அவ்வளவு கனமில்லை.